காற்றாடி வந்தால் எங்கள் ஊருக்கு வேலை வருமா? கொங்கு நாட்டு மின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் சாலையோரம் சிறிய மின் ஒப்பந்தக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து மோட்டாருக்கு இணைப்பு, விசைத்தறிக் கூடத்து வயரிங், கொஞ்ச ஆண்டுகளாகக் கூரைமேல் சோலார் பேனல். அதற்கு முன்னால் ஆறு ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காற்றாடிதான். கடைக்கு வருகிறவர்கள் சுவிட்ச் விலையைக் கேட்டுவிட்டு அடுத்து கேட்பது வேலையைப் பற்றி. பையன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான், எங்கே சேர்க்கலாம்? தோட்டத்துக்குப் பக்கத்தில் சோலார் வருகிறதாம், நமக்கு என்ன கிடைக்கும்? ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாயிற்று. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் காற்றாடி போடப் போகிறார்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

போடும்போது நிறைய, போட்டபின் கொஞ்சம்.

புதிய காற்றாடியின் இறக்கை ஒன்றே ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். ஒருநாள் இரவு குடிமங்கலம் நால்ரோட்டில் அப்படி ஓர் இறக்கை திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னால் கொடி பிடித்த ஆள், பின்னால் தனியாக ஸ்டியரிங் பிடித்த ஆள், குறுக்கே போகும் மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர், மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்க மின்வாரியத்து லைன்மேன், வேப்பங்கிளையை வெட்ட ஒருவர், அவ்வளவு பேருக்கும் டீ ஆற்ற ஒரு கடைக்காரர். ஒரு திருப்பத்துக்கே இத்தனை பேர். அதற்கு முன் பாதை போட வேண்டும், அடித்தளம் தோண்டிக் கம்பி கட்டி இராத்திரி பகலாகக் கான்கிரீட் ஊற்ற வேண்டும், பெரிய கிரேன் வர வேண்டும், துணைமின்நிலையம் வரை லைன் இழுக்க வேண்டும். ஊரே திருவிழாபோல இருக்கும்.

ஆறேழு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். காவலுக்கு ஒருவர் இருப்பார். நான்கைந்து ஊர்களுக்குப் பொதுவாக ஒரு பராமரிப்புக் குழு ஜீப்பில் வந்து போகும். காற்றாடி சுற்றுகிறதா, நிற்கிறதா என்பதை எங்கேயோ ஓர் அறையில் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே "எத்தனை பேருக்கு" என்று கேட்கும்போது "எத்தனை நாளுக்கு" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அடித்தள வேலைக்கும் கிரேன் வேலைக்கும் பெரும்பாலும் வெளியூர்க் குழுக்கள்தான் வரும். கம்பி கட்டுகிறவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்தவர்களாக இருப்பார்கள். உள்ளூருக்கு மிஞ்சுவது ஜே.சி.பி., டிராக்டர், தண்ணீர் லாரி, சாப்பாடு, வாடகை வீடு, காவல். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவருக்கு அந்த ஆறு மாதம் நல்ல வருமானம்.

அனல் மின்நிலையம் என்றால் ஆயிரக்கணக்கானோருக்கு நிரந்தர வேலை என்கிறார்களே?

கொங்கு நாட்டில் அதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி மேட்டூர். 1987இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1990க்குள் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் வந்துவிட்டன. 2013இல் 600 மெகாவாட் அலகு சேர்ந்தது. மொத்தம் 1,440 மெகாவாட்.

நிலக்கரி நிலையம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். பழைய நான்கு அலகுகள் மட்டும் முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடி யூனிட் எடுக்கலாம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரி என்று வைத்தாலும் பதினான்கு, பதினைந்தாயிரம் டன். நான்கு கூட்ஸ் ரயில் தினமும் வந்து கொட்ட வேண்டும். அந்தக் கரியை இறக்க, அரைக்க, எரிக்க, சாம்பலை அள்ள, கொதிகலன் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒட்ட, மூன்று ஷிப்டிலும் ஆள் வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் இந்தத் தீனிச் செலவு இல்லை. தீனி போடும் ஆளும் இல்லை. நிலக்கரியில் வேலை அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, கரி சார்ந்த வேலையில் பெரும்பகுதி சுரங்கத்திலும் ரயிலிலும் துறைமுகத்திலும் இருக்கிறது. மேட்டூருக்குச் சுரங்கம் கிடையாது. கரி ஒடிசாப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்த வேலையும் அங்கேயே. இரண்டு, நிலையத்துக்கு உள்ளேயே இயந்திரம் ஆளைக் குறைத்துக்கொண்டே வருகிறது. வேகனை அப்படியே பிடித்துக் கவிழ்த்துக் கரியைக் கொட்டும் டிப்ளர் முன்னால் போய் நின்றால் புரியும்: மண்வெட்டி பிடித்து ஒரு கூட்டமே செய்ய வேண்டிய வேலையைச் சில நிமிடத்தில் அது முடித்துவிடுகிறது. வாசலில் அடையாள அட்டையோடு நுழைகிறவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். "நிரந்தர வேலை" என்ற சொல் அங்கேயே இளைத்துவிட்டது.

மேட்டூர் தந்த வேலை மதில் சுவருக்கு வெளியே நிறைய. சாம்பல் செங்கல் என்பது சூளை இல்லாத செங்கல். அதற்குக் காளவாசல் வேண்டாம், அச்சும் சிமெண்டும் சாம்பலும் போதும். நிலையத்தைச் சுற்றிலும் அத்தகைய தொழிற்கூடங்கள் உண்டு. சாம்பலைச் சிமெண்ட் ஆலைக்கு ஏற்றிப்போகும் பல்கர் லாரிகள் இன்னொரு உலகம். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு அது தெரிந்த கதை.

செய்திகளில் "மெகாவாட்டுக்கு இத்தனை வேலை" என்று போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

சந்தேகத்தோடு படியுங்கள்.

முதலில், அங்கே சொல்வது பெரும்பாலும் ஆள் எண்ணிக்கை கிடையாது, வேலை-ஆண்டு. ஒருவர் ஓராண்டு முழுதும் செய்யும் வேலை ஒரு வேலை-ஆண்டு. பன்னிரண்டு பேர் ஒரு மாதம் வேலை செய்தாலும் அதே கணக்குத்தான். "ஆயிரம் வேலை" என்று மேடையில் சொன்னால், ஆயிரம் பேர் ஓராண்டு செய்வதா, நாற்பது பேர் இருபத்தைந்து ஆண்டு செய்வதா என்று கேட்க வேண்டும். இரண்டும் தாளில் ஒரே எண். வீட்டில் அடுப்பெரிவது வேறு வேறு விதம்.

அடுத்தது, மெகாவாட்டும் மெகாவாட்டும் சமம் இல்லை. 1 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழுபது சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 61 லட்சம் யூனிட் வரும். அதே 1 மெகாவாட் காற்றாடி 19, 20 லட்சம் யூனிட் கொடுத்தால் நல்ல இடம் என்போம். சூரிய மின்சக்தி 15, 16 லட்சம். ஒரே அளவு மின்சாரம் வேண்டுமென்றால் சோலாரை நான்கு மடங்கு நிறுவ வேண்டும். வேலைக் கணக்கையும் அதற்கேற்பப் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு பெருக்கலைச் செய்யாமல் இரண்டு பக்கத்தாரும் அடித்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

உலக அளவில் சொல்ல வேண்டுமானால், சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023இல் இந்தத் துறையில் 1.62 கோடிப் பேர் வேலை செய்தார்கள். அதில் ஏறக்குறைய 74 லட்சம் பேர் சீனாவில். இந்தியாவில் சுமார் 10 லட்சம். சீனா அவ்வளவு முன்னால் போனதற்குப் பெரிய காரணம், பேனலையும் இறக்கையையும் அங்கேயே செய்வது. பொருத்துகிறவனைவிடச் செய்கிறவனுக்கு வேலை நீளம்.

சோலாரில் கூரைக்கும் தரைக்கும் வேலையில் வித்தியாசம் உண்டா?

மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டெல்லியைச் சேர்ந்த எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் ஆய்வு மன்றமும் அமெரிக்காவின் இயற்கைவளப் பாதுகாப்பு மன்றமும் சேர்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள்: 1 மெகாவாட்டுக்குக் கூரைச் சோலார் 24.72 வேலை-ஆண்டு, தரைச் சோலார் 3.45, காற்றாலை 1.27.

முதலில் பார்த்தபோது 24 என்பது ஊதிப் பெருக்கிய கணக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட். நாங்கள் நான்கு பேர், இரண்டு நாள்: எட்டு ஆள்நாள். 1 மெகாவாட், அதாவது 1,000 கிலோவாட் ஆக வேண்டுமென்றால் ஏறக்குறைய 330 வீடு ஏற வேண்டும். 2,640 ஆள்நாள். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால், பொருத்துவதற்கு மட்டுமே ஒன்பது பேருக்கு ஓராண்டு வேலை. கூரையை அளந்து படம் போடுகிறவர், தாங்கி அடிக்கும் வெல்டர், பேனல் ஏற்றி வரும் மினி லாரிக்காரர், விண்ணப்பத்தோடு வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிற பெண், நெட் மீட்டர் வைக்க வருகிறவர், வீடு வீடாகப் போய்ப் பேசி ஆர்டர் பிடிக்கிறவர் எல்லோரையும் சேர்த்தால் கணக்கு அந்தப் பக்கம்தான் போகிறது.

தரையில் நான்கைந்து ஏக்கருக்கு 1 மெகாவாட் என்று பரப்பிக்கொண்டே போவார்கள். இயந்திரம் கம்பம் நடும், ஒரே அளவு, ஒரே சாய்வு. அங்கே ஆள் குறைவதில் ஆச்சரியம் இல்லை. மின்சாரம் மலிவாக வருவதும் அதனால்தான். வேலை அதிகம் வேண்டும், மின்சாரம் மலிவாகவும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்க முடியாது. ஆள்கூலியும் மின்சார விலைக்குள்தான் இருக்கிறது.

கூரை வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் பங்குனி மாதத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் தகரக் கூரைக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்கு ஏறுவோம். எட்டு மணி வரை சுகம். ஒன்பதுக்குத் தகரம் பேச ஆரம்பிக்கும். வெயிலில் விரிந்து டப் டப் என்று சத்தம். பத்தரைக்குக் கீழே வைத்த ஸ்க்ரூவை வெறுங்கையால் எடுக்க முடியாது. இறங்கி மோர் குடித்து, மாலை நான்குக்குத் திரும்ப ஏறுவோம். தகடு எந்த இடத்தில் தாங்கும், எந்த இடத்தில் கால் உள்ளே போகும் என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். கயிறும் பெல்ட்டும் இல்லாமல் ஏற்றுகிற முதலாளியிடம் வேலைக்குப் போகாதீர்கள்.

மத்திய அரசின் கூரைச் சோலார் மானியத்தால் வேலை கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது. தொலைபேசியில் கேள்வி கேட்டுவிட்டு மறந்துபோனவர்கள் எல்லாம் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் மானியத்தால் வரும் வேலை மானியத்தோடு போகும் வேலை என்ற பயம் எனக்கு உண்டு. காற்றாடித் தொழிலில் அதைப் பார்த்தவன்.

அது என்ன கதை?

1990களில் காற்றாடி போட்டவர்கள் பெரும்பாலும் மில்காரர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கேத்தனூர், பூளவாடி, தாராபுரம் என்று வீசுவது அப்போதுதான் புதிதாகத் தெரிந்ததா? இல்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது பாட்டன் காலத்துப் பேச்சு. புதிதாக வந்தது வரிச்சலுகை. முதலாண்டிலேயே நூறு சதவீதத் தேய்மானம் காட்டலாம், அதாவது போட்ட பணம் முழுவதையும் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அது எண்பது சதவீதமானது. மில்லுக்கு மின்சாரம், கணக்குப்பிள்ளைக்கு நிம்மதி. மார்ச் மாதக் கடைசிக்குள் சுற்றிவிட வேண்டும் என்று இரவு பகலாக வேலை நடக்கும்.

2012இல் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். நாடு முழுக்க 2011-12இல் சுமார் 3,200 மெகாவாட் புதிதாக நிறுவியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது 1,700 மெகாவாட்டாக விழுந்தது. 2014இல் சலுகை திரும்ப வந்தது. 2016-17இல் 5,500 மெகாவாட்டுக்கு எகிறியது. அதன்பின், குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறவருக்கே வாய்ப்பு என்ற ஏலமுறை வந்தது. மறு ஆண்டே 1,800 மெகாவாட்டுக்கும் கீழே.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது நிறுவும் குழுக்கள். அப்போது நான் இருந்த நிறுவனத்தில் ஒரு சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் பாதிச் சம்பளம்தான், விருப்பமிருந்தால் இருங்கள் என்றார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் நின்றது. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடை பிறந்தது.

நீர்மின் நிலையங்களில் வேலை இருக்கிறதா?

கட்டும்போது இருந்தது. நீலகிரியில் குந்தா திட்டத்தை 1950களில் கனடா உதவியோடு கட்டினார்கள். மலையைக் குடைய எவ்வளவு பேர் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்று அதே நிலையங்களை ஷிப்டுக்கு ஒரு சிறு குழு ஓட்டிவிடுகிறது. காவிரியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக 30 மெகாவாட் கதவணை நிலையங்கள் இருக்கின்றன, அங்கேயும் அப்படியே.

புதிதாக வருவது நீரேற்று மின்நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, பற்றாக்குறை நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது. ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. குந்தாவில் 500 மெகாவாட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பகல் சோலாரை இரவுக்கு வைத்துக்கொள்ள இது வழி. சுரங்க வேலை முடிந்ததும் ஆள்கணக்கு சுருங்கிவிடும்.

அப்படியானால் மின் உற்பத்தியால் ஊருக்கு வேலையே வராது என்கிறீர்களா?

மின்சாரத்தை எடுக்கும் இடத்தைவிட அது போய்ச் சேரும் இடத்தில் பாருங்கள்.

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் மில்கள் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது; கம்பி கோவைக்கு வந்தது; 1930களில் மில்கள் வரிசையாக எழுந்தன. 1937இல் மேட்டூர் அணையின் மின்சாரமும் சேர்ந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் மோட்டாரைச் செய்ய ஆள் வந்தார்கள், மோட்டார் வந்ததும் கிணற்றுக்குப் பம்பு வந்தது, பம்புக்கு வார்ப்படப் பட்டறை, பட்டறைக்குக் கடைசல். பைக்காரா மின்நிலையத்தில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எண்ணியிருந்தால் இதில் ஒன்றுமே கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

எதிர்ப்பக்கமும் நமக்கு நேரில் தெரியும். 2008 முதல் 2013 வரை மின்வெட்டு. 2012இல் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. கோவையில் கணபதிப் பக்கம் இரண்டு லேத் வைத்துப் பிழைத்தவர்கள் மூடினார்கள். டீசல் ஜெனரேட்டர் வைக்க முடிந்தவர்கள் தப்பினார்கள். சோமனூர்த் தறிக்காரர்கள் தறிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மின்நிலைய ஊழியர் யாரும் அப்போது வேலை இழந்ததாக நான் கேள்விப்படவில்லை. வேலை போனது மின்சாரத்தை நம்பி இருந்தவர்களுக்கு.

எனவே எந்த மின்சாரம் அதிக வேலை தரும் என்று என்னைக் கேட்டால், விட்டு விட்டு வராத மின்சாரம் என்பேன். பொருத்தமில்லாத பதிலாகத் தோன்றும். ஒரு விசைத்தறிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

காற்றாடிக்கான பாகங்களைக் கோவையில் செய்கிறார்களாமே?

ஆமாம். இதைப் பற்றி ஊரில் குறைவாகவே பேசுகிறார்கள். கோவைப் பக்கத்துப் பெரிய வார்ப்பட ஆலைகள் காற்றாடியின் இறக்கைகள் வந்து சேரும் நடுக்குடத்தை வார்க்கின்றன. கருமத்தம்பட்டிப் பக்கம் காற்றாடிக்கான கியர்பாக்ஸ் செய்யும் ஆலை இருக்கிறது. பம்பும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய கைகள் இதையும் செய்கின்றன. இங்கே செய்யும் கியர்பாக்ஸ் எந்த மாநிலத்தில் சுற்றினாலும் சம்பளம் இங்கே. உள்ளூரில் ஆறு மாதம் நடக்கும் நிறுவல் வேலையைவிட இதற்கு ஆயுள் அதிகம். மகனுக்கு எந்திரத்தில் ஆர்வம் என்றால் நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கம்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்த பையனை எதில் சேர்ப்பது?

தொழிற்பழகுநர் பயிற்சியை முடிக்காமல் எதிலும் சேர்க்காதீர்கள். அதன்பின் ஓராண்டு கூரைச் சோலார். உள்ளூரிலேயே இருக்கிறது, நேர்மின்சாரமும் மாறுமின்சாரமும் இரண்டும் கைக்கு வரும், இன்வெர்ட்டர் திரையில் வரும் பிழை எண்ணைப் பார்த்ததும் காரணம் சொல்லப் பழகிவிடுவான். காற்றாடிக்குப் போக ஆசைப்பட்டால் ஜி.டபிள்யூ.ஓ. என்ற உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். உயரத்தில் வேலை, தீ, முதலுதவி, பளு தூக்குதல் என்று பிரிவுகள். இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டி முடித்துவிட்டு வேலை தேடுவதைவிட, சேர்ந்தபின் நிறுவனமே அனுப்பும் இடமாகப் பாருங்கள்.

ஃபிட்டர் படித்தவனுக்குக் காற்றாடியில் மதிப்பு இருக்கிறது. அங்கே மின்சாரத்தைவிட போல்ட் அதிகம். டார்க் ரெஞ்சை வைத்து ஒவ்வொரு போல்ட்டையும் குறித்த அளவுக்கு முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாகப் பேனாவால் கோடு போட்டு அடுத்ததுக்கு நகர வேண்டும். கோடு போட்டுவிட்டு முறுக்காமல் நகர்ந்தவனை எங்கள் குழுவில் அன்றே அனுப்பினார்கள்.

உயரம் என்றால் பயம். காற்றாடி வேலைக்குப் போகலாமா?

பயம் இருப்பவன் பெல்ட்டைச் சரியாக மாட்டுவான். தலைசுற்றல் இருந்தால் வேண்டாம். பெரிய பராமரிப்பு மாசி, பங்குனி, சித்திரையில்தான் நடக்கும்; ஆனி, ஆடியில் காற்றாடியை நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம், பலத்த காற்றில் மேலே ஏறவும் விடமாட்டார்கள்.

பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது?

தரைச் சோலார் பண்ணையில் புல் வெட்ட, பேனல் துடைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் போகிறார்கள். தினக்கூலி. விடியற்காலையில் துடைத்து முடிக்க வேண்டும். டிப்ளமோ முடித்த பெண்கள் வடிவமைப்பு, கண்காணிப்பு அறை, ஆவணம் என்று உட்கார்ந்து செய்யும் வேலைகளில் வருகிறார்கள். பேனல் செய்யும் ஆலைகளில் பெண்கள் அதிகம். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் அப்படி ஒரு பெரிய ஆலை இருக்கிறது. ஆனால் அது நம் ஊரிலிருந்து விடுதியில் தங்கிப் போக வேண்டிய தூரம். கூரை ஏறும் குழுவில் பெண்ணை இதுவரை நான் பார்த்ததில்லை. என் குழுவிலும் இல்லை; என்மீதும் குறை இருக்கிறது.

நிலம் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்கிறார் தரகர். நம்பலாமா?

பத்திரத்தில் எழுதினால் நம்பலாம். என் சித்தப்பா வாய்ச்சொல்லை நம்பிப் பாதை விட்டார். காவல் வேலை தந்தார்கள், நிறுவனம் கைமாறியபோது புதியவர்கள் தங்கள் ஆளைக் கொண்டுவந்தார்கள். பாதை மட்டும் அப்படியே போகிறது.

பழைய சின்னக் காற்றாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியது போடுவதால் வேலை கூடுமா?

தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றில் 225, 250 கிலோவாட் பழசுகள் ஏராளம். நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் அவைதான் அடைத்துக்கொண்டிருக்கின்றன. 2024இல் இதற்கென்றே மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. பத்துச் சின்னதுக்குப் பதில் ஒரு பெரியது. கழற்ற, வெட்ட, பழைய இரும்பு எடுக்க, புதிது நிறுத்த இரண்டு மூன்று ஆண்டு நல்ல வேலை. முடிந்ததும் பத்துக் காவலர் இருந்த இடத்தில் ஒருவர். மின்சாரம் கூடும், ஆள் குறையும். பழைய இறக்கையை என்ன செய்வது என்பதற்கு இன்னும் யாரும் நல்ல வழி வைத்திருக்கவில்லை. அது கண்ணாடி நாரிழையும் பிசினும் சேர்ந்தது, உருக்கவும் முடியாது. அதில் தொழில் தொடங்க யாருக்காவது துணிவிருந்தால் சரக்குக்குப் பஞ்சம் இருக்காது.

உயர்மின் கோபுரம் போகிறதே, அதில் நமக்கு என்ன லாபம்?

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்சாரத் தடத்தில் 6,000 மெகாவாட் கொண்டுவரலாம். சுரங்கமும் மின்நிலையமும் அங்கே. அந்த வேலையும் அங்கே. நமக்குக் கோபுரமும் மின்சாரமும். தென்னந்தோப்பு நடுவில் கோபுரம் வந்த விவசாயிகள் 2018, 2019இல் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் போராடினார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடத்தைக் கேரளத்தில் ஒரு பகுதி நிலத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள். இங்கே மட்டும் ஏன் தலைக்கு மேல் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதே கம்பியை நம்பி விசைத்தறி ஓடுகிறது என்பதும் உண்மை.

கரும்புச் சக்கை, கோழிக் கழிவு?

ஆப்பக்கூடல், சத்தியமங்கலம் பக்கத்துச் சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கின்றன. நாமக்கல்லில் கோழிக் கழிவிலும், சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கழிவுநீர் வாயுவிலும் எடுக்கிறார்கள். அளவு சிறியது. ஆனால் இந்தத் தீனியைச் சேர்த்து, ஏற்றி, இறக்க ஆள் வேண்டும்; அந்த ஆள் சுற்றுவட்டாரத்து ஆள்.

மின்வாரிய வேலைக்குக் காத்திருக்கலாமா?

2024இல் வாரியத்தின் உற்பத்தியும் பகிர்மானமும் பசுமை எரிசக்தியும் தனித்தனி நிறுவனங்களாயின. ஆள் எடுக்கும்போது விண்ணப்பியுங்கள். வேலை பார்த்துக்கொண்டே காத்திருங்கள். வீட்டில் உட்கார்ந்து காத்திருந்த மூன்று பேரை எனக்குத் தெரியும், மூவருக்கும் வயது வரம்பு தாண்டிவிட்டது.

நிலக்கரி நிலையங்களை மூடினால் மேட்டூரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

முதல் அலகுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. என்றாவது ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்றல் உத்தரவு கிடையாது. சாம்பல் செங்கல்காரருக்குச் சாம்பல் நிற்கும், லாரிக்காரருக்கு லோடு நிற்கும். கொதிகலன் வெல்டர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். கரிப் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருபது ஆண்டு நின்றவருக்குக் கையில் வேறு தொழில் இல்லை. அங்கே ஏற்கெனவே துணைமின்நிலையமும் உயர்மின் தடமும் இருக்கின்றன. மின்கலச் சேமிப்பு நிலையமோ வேறு ஆலையோ வந்தால் அவர்களில் சிலருக்காவது இடம் கிடைக்கும். மூடுவதற்குப் பத்து ஆண்டு முன்னால் இதை ஆரம்பிக்க வேண்டும். மூடிய மறுநாள் குழு அமைப்பதால் யாருக்கும் சோறு கிடைக்காது.

எங்கள் ஊரில் சோலார் நிறுவனம் கூட்டம் போடுகிறது. என்ன கேட்க வேண்டும்?

கட்டுமானம் எத்தனை மாதம், அதில் உள்ளூர் ஆள் எத்தனை பேர், எந்தக் கூலியில்? முடிந்தபின் நிரந்தரமாக எத்தனை பேர்? அவர்களை நிறுவனம் எடுக்குமா, ஒப்பந்ததாரர் எடுப்பாரா? வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்களா? பேனல் கழுவத் தண்ணீர் எங்கிருந்து? நிறுவனம் கைமாறினால் இந்த வாக்குறுதி யார் தலையில்? பதிலை ஊராட்சித் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

உங்கள் கடையில் ஆள் எடுப்பீர்களா?

இரண்டு பேர் வேண்டும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மற்றதைச் சொல்லித் தருவேன். வெல்டிங் தெரிந்தவர் வந்தால் மூன்றாவது ஆளாகவும் எடுத்துக்கொள்வேன். பெண்ணாக இருந்தாலும் சரி. வண்டி காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடும்.